பாதிக்குக் கீழே இறங்காத முள்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில், மாட்டாஸ்பத்திரி வாசலில், புங்கமரத்து நிழலில் ஒரு பழைய வெள்ளைக் கார் நிற்கும். அந்தக் காரின் பெட்ரோல் மீட்டருக்குள் ஒரு முள் குடியிருந்தான். ஆள் ஒல்லி, நிறம் சிவப்பு, குணம் சந்தேகம்.

எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான் அவனுக்கு. சீட்டுக்குப் புது உறை போட்டால், "பழைய உறைக்கு என்ன வந்துச்சாம்? இதுல ஏதோ இருக்கு" என்பான். வைப்பரை மாற்றினால், "வந்தவன் மூஞ்சியே சரியில்லையே" என்பான். ஹாரனும் பிரேக்கும் அவனோடு பல வருஷம் பழகியவர்கள். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அவனுடைய சந்தேகத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதை அவன் வாயிலிருந்து வாங்க முடியாது, நாமே சொல்லிவிடுவோம். அவன் பாதிக்குக் கீழே இறங்கவே மாட்டான். டேங்க் நிறைந்தால் உச்சியில் நிற்பான். ஓட ஓட மெல்ல இறங்கிப் பாதிக்கு வருவான். அங்கே கால் ஊன்றினால் ஊன்றியதுதான். அப்புறம் டேங்கில் ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் அய்யா அசைய மாட்டார்.

சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அனுபவம்! உச்சியில் நின்றால் ஊரெல்லாம் அலைய விடுகிறார்கள். கீழே போனால், "அதுக்குள்ள தீர்ந்துடுச்சா, சனியனே" என்று திட்டுகிறார்கள். பாதியில் நின்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. நிம்மதியான இடம் அது.

பழைய சொந்தக்காரருக்கு இந்த விஷயம் தெரியும். தெரிந்தே மூச்சுவிடாமல் வண்டியை விற்றுவிட்டுப் போய்விட்டார். வாங்கியவர் கால்நடை மருத்துவர் அமுதவல்லி. மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். திங்கட்கிழமை தவறாமல் டேங்கை நிரப்புகிற பழக்கம் அவருக்கு. அதனால் அவருக்கு உண்மை தெரியவே இல்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை வேறு.

"தங்கமான வண்டிங்க. வாரம் பூரா ஓட்டறேன், பாதிக்குக் கீழ இறங்க மாட்டேங்குது!"

அதைக் கேட்கும்போதெல்லாம் முள்ளுக்கு நெஞ்சு நிமிரும். கூடவே பயமும் வரும். யாராவது ஒருத்தன் வந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை லிட்டர் ஊற்றியது என்று கணக்குக் கேட்டால் முடிந்தது கதை. புதிதாக யார் வந்தாலும் அவன் முறைத்ததற்கு அதுதான் காரணம்.

இந்த நேரம் பார்த்துத்தான் டாக்டரம்மாவுக்கு வழிகாட்டும் கருவி ஒன்று தேவைப்பட்டது. மலைக் கிராமங்களில் பாதை தெரியாமல் அவர் படாத பாடு பட்டார். போனில் பேசுவதற்கே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் சிக்னல். அதில் மேப் பார்த்து ஓட்டுவது நடக்கிற காரியமா? டவுனில் ஜாபர் பாய் கடைக்குப் போய் நின்றார்.

"பாய், மேப் அதுக்குள்ளயே இருக்கணும், நெட்டு கேக்கக் கூடாது. என் கையில சாணியும் ரத்தமும் இருக்கும், அதனால நிறையத் தட்டச் சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரி ஜீப்புக்கும் மாத்தி மாட்டிக்கிற மாதிரி இருக்கணும்."

ஜாபர் பாய் மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தார். "மூணையும் கொண்டுபோய் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கம்மா. உங்க கைக்கு எது பழகுதோ அதை வெச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் திங்கக்கிழமை கொண்டாந்துடுங்க."

மூன்று டப்பாவும் வண்டிக்குள் வந்து இறங்கின. முள்ளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒருத்தன் வந்தாலே வில்லங்கம். இதுல மூணு பேரா?" என்றான்.

"வழி சொல்ல வந்திருக்காங்கண்ணே. நமக்கு நல்லதுதானே?" என்றது ஹாரன்.

"வழி சொல்றேன்னு வர்றவன் வழியை மட்டுமா பார்ப்பான்? எல்லாத்தையும் பார்ப்பான்."

புதன்கிழமை முதல் கருவி டாஷ்போர்டில் ஏறி உட்கார்ந்தது. அகலமான திரை, செய்தி வாசிக்கிற குரல். "வணக்கம். தாங்கள் செல்ல வேண்டிய மாநிலத்தைத் தேர்வு செய்க" என்றது. டாக்டரம்மா தேர்வு செய்தார். "மாவட்டத்தைத் தேர்வு செய்க. வட்டத்தைத் தேர்வு செய்க. விரைவான வழியா, சுங்கம் இல்லாத வழியா, இயற்கை எழில் மிகுந்த வழியா?" ஆடு ஒன்று வயிறு உப்பிக் கிடக்கிற ஊருக்கு இயற்கை எழில் எதற்கு? கருவி முழுசாகக் கேட்டு முடிப்பதற்குள் ஆட்டுக்காரரே ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்.

"பெரிய படிப்பாளி" என்று முள் சிரித்தான். "இவனால நமக்கு ஆபத்தில்ல. இவன் கிளம்பினாத்தானே?"

வியாழக்கிழமை இரண்டாவது கருவி ஏறியது. தேன் குரல். "பிரமாதமா ஓட்டறீங்க மேடம்! நேரா போங்க மேடம்!" என்று போகிற வழியெல்லாம் பாராட்டிக்கொண்டே வந்தது. நேராகப் போனதில் வண்டி ஒரு கல்குவாரிக்குள் போய் நின்றது. "புது வழி மேடம், ரொம்ப நல்ல வழி" என்றது அப்போதும். தெரியாது என்ற வார்த்தை மட்டும் அதன் வாயில் வரவே இல்லை. குவாரியிலிருந்து திரும்பி வந்து, மறுபடி ஒரு செங்கல் சூளைக்குப் போய், அன்றைக்கு மட்டும் எழுபது கிலோமீட்டர் வீணாக ஓடியது.

முள்ளுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. "நம்ம ஆளு மாதிரி தெரியுதே" என்றான்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது கருவி வந்தது. உள்ளங்கை அளவுதான். நாலே நாலு பொத்தான்கள்: வீடு, போகும் இடம், ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க். குரலில் தேனும் இல்லை, செய்தியும் இல்லை.

"எங்கே போகணும்?" என்றது. டாக்டரம்மா ஊர்ப் பெயரைச் சொன்னார். "இந்தப் பேர்ல ரெண்டு ஊர் இருக்கு. எது?" என்றது. சொன்னார். "சரி. கடைசி ஒரு கிலோமீட்டர் எனக்குத் தெரியாது. அங்கே யாரையாவது கேட்டுக்கோங்க" என்றது. அவ்வளவுதான் பேச்சு. டாக்டரம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

முள்ளுக்கோ அவனைக் கண்டாலே ஆகவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளை அவன் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

"நடிப்பு! சுத்த நடிப்பு!" என்றான். "முதல்ல இப்படித்தான் நல்லவன் மாதிரி பேசுவான். அப்புறம் ஒவ்வொருத்தனா விசாரிப்பான் பாரு."

அவன் சொன்னபடியே ஆனது. வண்டி நின்றதும் புதியவன் எல்லோரிடமும் பேச ஆரம்பித்தான். ஹாரனிடம் வளைவு வருகிற இடத்தைச் சொன்னான். பிரேக்கிடம் மலை இறக்கம் எவ்வளவு தூரம் என்று சொன்னான். பிறகு முள்ளிடம் திரும்பினான்.

"அண்ணே, டேங்க்ல எவ்வளவு இருக்கு?"

"எதுக்குக் கேக்கறே?"

"மலைமேல பங்க் கிடையாது. எங்கே நிரப்பணும்னு முன்னாடியே சொல்லத்தான்."

"பாதி இருக்கு."

"வாரம் பூரா நிறைய ஓடியிருக்கு போல. நல்லாப் பார்த்துச் சொல்லுங்கண்ணே."

"யாரைப் பார்த்து என்ன பேசறே? நேத்து வந்தவன் நீ! பாதின்னா பாதிதான்."

"சரிண்ணே. நீங்க சொன்னா சரி" என்றான் புதியவன்.

அந்தச் 'சரி'யைத்தான் முள்ளால் தாங்க முடியவில்லை. இவ்வளவு லேசாக ஒருத்தன் நம்புவானா? உள்ளே என்னவோ திட்டம் வைத்திருக்கிறான் என்று இரண்டு மடங்கு சந்தேகப்பட்டான்.

சனிக்கிழமை காலையில் டாக்டரம்மா முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. மேல்காட்டிலிருந்து மாதம்மா. அவளுக்கு இருப்பது ஒரே ஒரு மாடு. அது கன்று போட்டுப் பால் கறந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். தலைச்சன் ஈற்று, விடிந்ததிலிருந்து முக்குகிறது. வெளியே ஒற்றைக் கால்தான் தெரிகிறது.

"கன்னு குறுக்க கெடக்குது போல டாக்டரம்மா. எப்ப வருவீங்க?"

"கிளம்பிட்டேன் மாதம்மா, வந்துட்டே இருக்கேன்" என்றார் டாக்டரம்மா, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

பொய் சொல்ல வேண்டுமென்று சொன்னதில்லை. நம்மில் யார்தான் வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டே 'தெருமுனைக்கு வந்தாச்சு' என்று சொல்லாதவர்கள்? காத்திருக்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்வதுதானே? அவர் சேலை மாற்றி, மருந்துப் பையை நிரப்பி, வண்டியை எடுப்பதற்கு இருபது நிமிஷம் ஆனது.

முந்தின நாள் மழையில் ஆற்றுத் தரைப்பாலம் மூழ்கி, நேர் வழி அடைபட்டுக் கிடந்தது. மூன்று ரோடு பிரிகிற இடத்தில் புதியவன் கேட்டான்.

"அண்ணே, வலது பக்கம் போனா அஞ்சு கிலோமீட்டர்ல பங்க் இருக்கு, ஆனா ஊரைச் சுத்திக்கிட்டுப் போகணும். இடது பக்கம் காட்டு வழி, சீக்கிரம் போயிடலாம், வழியில ஒரு பங்கும் கிடையாது. டேங்க்ல என்ன இருக்கு?"

முள்ளுக்குத் தெரியும். குவாரிக்கும் சூளைக்கும் அலைந்ததில் டேங்க் வற்றி அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? 'அப்படியானால் நேற்று ஏன் பாதி என்றாய்? போன வாரம்?' என்று நூல் பிடித்துக்கொண்டே போவான். இதற்காகத்தானே வந்திருக்கிறான், களவாணிப் பயல்!

"பாதி" என்றான் முள்.

"இடதுபுறம் திரும்பவும்" என்றான் புதியவன்.

காட்டு வழியில் மூன்று கிலோமீட்டர் போயிருப்பார்கள். ஒரு மேட்டில் சிக்னல் கிடைத்து மறுபடியும் போன் அடித்தது. டாக்டரம்மா ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கம்மா வந்துட்டு இருக்கீங்க?" மாதம்மாவின் குரல் உடைந்திருந்தது.

"ஆத்தைத் தாண்டியாச்சு மாதம்மா. இதோ, பத்து நிமிஷம்."

அந்த நேரம் பார்த்துப் புதியவன் தன் வேலையைச் செய்தான். "இன்னும் இருபத்தொரு கிலோமீட்டர். நாற்பத்தைந்து நிமிடங்கள்."

"யாருங்கம்மா அது பேசறது?"

"அது... ரேடியோ மாதம்மா."

"கீழூர்ல நம்ம மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரய்யா இருக்காருங்க. ஜீப்பை எடுத்துக்கிட்டு அரை மணியில வரட்டுமான்னு கேக்கறாரு. வரச் சொல்லட்டுங்களா?"

"எதுக்கு? அதுக்குள்ள நானே வந்துடுவேன். நீ தைரியமா இரு."

போனை வைத்ததும் டாக்டரம்மா புதியவனை முறைத்தார். "மானத்தை வாங்கறியே!" என்று வயரைப் பிடுங்கி, அவனைக் கழற்றிப் பின் சீட்டில் எறிந்தார்.

முள் ஜெயித்துவிட்டான். எதிரி காலி. ஹாரனைப் பார்த்துக் கண்ணடிக்கக்கூடச் செய்தான். ஆனால் அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. மாதம்மாவின் உடைந்த குரல் அவனுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கம்பவுண்டரும் வரப்போவதில்லை. இந்த வண்டியும் போய்ச் சேரப்போவதில்லை. அது அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

கீழேயிருந்து பிரேக் பேசினான். அவன் அதிகம் பேசாத ஆள்.

"உண்மையில எவ்வளவுடா இருக்கு?"

முள் பாதியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றான்.

"இத்தனை வருஷமா உன்கிட்ட நான் எதையும் கேட்டதில்ல. இப்ப கேக்கறேன். எவ்வளவு?"

"பத்து கிலோமீட்டர் தாங்கும்" என்றான் முள். அவனுக்கு அழுகை வந்தது.

"அப்ப இப்பவே திரும்பினா பங்குக்குப் போயிடலாம். நிரப்பிக்கிட்டு அந்தப் பக்கமாவே போயிடலாம். சொல்லித் தொலையேண்டா!"

சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. பாதிக்குக் கீழே அவன் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. அங்கே என்ன திட்டு காத்திருக்கிறதோ என்று பயந்தான். ஆனாலும் ஒரு மாடு சாகக் கிடக்கிறதே! கண்ணை மூடிக்கொண்டு பிடியை விட்டான். பாதியிலிருந்து ஒரேயடியாக விழுந்து பூஜ்யத்தில் போய் முட்டினான். வாழ்க்கையில் முதல்முறையாக முழு உண்மையைச் சொல்லிவிட்டான்.

டாக்டரம்மா பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"அட கடவுளே! இத்தனை நாள் ஒழுங்கா இருந்த முள்ளு கெட்டுப்போச்சே! அந்த டப்பா வயரைச் சொருகினதுதான் இப்படிப் பண்ணிடுச்சு."

கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். முள் அசையவில்லை. இத்தனை வருஷம் பாதியில் விடாப்பிடியாக நின்றவன், இப்போது பூஜ்யத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நம்புங்க தாயே, நம்புங்க என்று மன்றாடினான். ஹாரன் தானாகவே ஒரு தடவை கத்திப் பார்த்தது.

"ஹாரனையும் கெடுத்துடுச்சா? பாவி டப்பா!" என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா ஆக்சிலேட்டரை மிதித்தார். சற்று முன்னால்தான் பாதி இருந்தது. அதை அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார்.

பின் சீட்டில் புதியவன் வாய் கட்டப்பட்டுக் கிடந்தான்.

அங்கிருந்து ஒன்பதாவது கிலோமீட்டரில், ஏற்றத்தின் நடுவில், வண்டி இருமியது. திணறியது. நின்றது. டாக்டரம்மா பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பார்த்தார், வயர்களை இழுத்துப் பார்த்தார், புதியவனின் வம்சத்தையே திட்டினார். போனில் சிக்னல் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து மொபெட்டில் ஒருத்தர் வந்தார். வண்டியை இடுப்பால் இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"டேங்க் காஞ்சு கெடக்குதுங்களே! முள்ளுதான் பூஜ்யம்னு காட்டுது, பார்க்கலீங்களா?"

தன் மொபெட்டிலிருந்து டியூப் போட்டு உறிஞ்சித் தண்ணீர் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்துக் கொடுத்தார். வழி காட்டிக்கொண்டு முன்னால் போனார்.

மாதம்மாவின் கொட்டகையில் டாக்டரம்மா ஒரு மணி நேரம் போராடினார். தோள் வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பி இழுத்தார். மாடு பிழைத்துக்கொண்டது. கன்று கிடேரிக் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, வெளியே வரும்போதே உயிர் இல்லை. கொட்டகை வாசலில் நின்ற காருக்குள்ளிருந்து முள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். மாடு திரும்பித் திரும்பி அந்தக் கன்றை நக்கியது.

டாக்டரம்மா கை கழுவ மாதம்மா சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"கம்பவுண்டரய்யா மறுபடியும் போன் பண்ணிக் கேட்டாருங்க. நான்தான் வேணாம்னுட்டேன். நீங்க ஆத்தைத் தாண்டிட்டேன்னீங்களே, அதனால."

டாக்டரம்மா தண்ணீர் தீர்ந்த பிறகும் கையைத் தேய்த்துக்கொண்டே நின்றார். பிறகு வண்டிக்கு வந்து, பின் சீட்டில் கிடந்தவனை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்து, பழைய இடத்திலேயே மாட்டி வயரைச் சொருகினார்.

"எங்கே போகணும்?" என்று கேட்டான் புதியவன். அவன் குரலில் ஒரு வருத்தமும் இல்லை.

முள் தலையைக் குனிந்துகொண்டான். "தம்பி, நான் உன்கிட்டப் பொய் சொன்னேன்."

"இப்பத்தான் தெரிஞ்சுதுண்ணே. அடுத்த தடவை சரியாச் சொல்லுங்க."

அடுத்த தடவை என்று ஒன்று அவனுக்கு இல்லை. திங்கட்கிழமை மற்ற இரண்டு டப்பாக்களும் ஜாபர் பாய் கடைக்குத் திரும்பிப் போயின. வண்டி மெக்கானிக் ஷெட்டுக்குப் போனது. மீட்டரைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார்.

"பாதியிலயே நின்னு பழகின முள்ளும்மா இது. இனிமே திருந்தாது. மாத்திடலாம்."

"மாத்திடுங்க" என்றார் டாக்டரம்மா.

நட்டும் போல்ட்டும் கிடந்த எண்ணெய்த் தட்டில் முள் போய் விழுந்தான். அங்கிருந்து பார்த்தால் அவனுடைய கார் தெரிந்தது. அவன் இருந்த இடத்தில் வேறொருத்தன் உட்கார்ந்திருந்தான். முள்ளுக்கு அவன்மேல் சந்தேகம் வரவில்லை. பாவம், பயந்துபோய் இருப்பான் என்றுதான் தோன்றியது.

அப்போது டாக்டரம்மாவின் போன் அடித்தது. ஏதோ ஒரு மலைக் கிராமத்திலிருந்து யாரோ பதறிப்போய்க் கேட்டார்கள். "எங்கம்மா வந்துட்டு இருக்கீங்க?"

டாக்டரம்மா பழக்கத்தில் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். சட்டென்று வரவில்லை. அந்த இடத்திலிருந்து கீழே விழுவது எவ்வளவு கஷ்டம் என்று எண்ணெய்த் தட்டில் கிடந்தவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"இல்லைங்க" என்றார் டாக்டரம்மா. "நான் இன்னும் கிளம்பவே இல்ல."